ஆறு பேருக்குப் பத்து இடம்

விழுப்புரம் புதிய பஸ் நிலையத்துக்குள் சென்னை பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். கர்ச்சீப், சாப்பாட்டுப் பை, சில நேரம் குழந்தையின் தொப்பி. யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். அமாவாசை வந்தால் பாதி பஸ்ஸை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிடுவார்கள். மிச்சத்தில் துண்டின்மேல் துண்டு விழும். அப்படி ஓர் அமாவாசைக் காலையில் ஒரே சீட்டில் என் கர்ச்சீப்பும் கம்ப்யூட்டர் மேடத்தின் சாப்பாட்டுப் பையும் விழுந்தன. "நீங்க உக்காருங்க" என்றேன். "ஐயோ, நீங்க உக்காருங்க" என்றார். இப்படி இருவரும் விலகி நின்ற நேரத்தில் ஒரு பெரியவர் ஜல்தியாக வந்து உட்கார்ந்து கண்ணையும் மூடிக்கொண்டார். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனோம். விக்கிரவாண்டி தாண்டும்போது மேடம் சிரித்தார். "என் பி.எச்.டி.யே இதான் மேடம்" என்றார் என்னிடம்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருவருக்கும் வேலை. நான் கணக்கு, அவர் கம்ப்யூட்டர். அவருக்கு வீடு முகையூர்ப் பக்கம். விழுப்புரத்துக்கு வருவதற்கே ஒரு பஸ். ஏறியதும் சிலுவை போட்டுக்கொண்டு மடியில் காகிதத்தை விரிப்பார். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அந்த வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி, பட்டம் இல்லாதவர்களுக்குக் கல்லூரியில் வேலையும் இல்லை. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் பஸ்ஸை வைத்தே விளக்கினார். கம்ப்யூட்டர்கள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளமான எண் ஒன்று பெயராக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளுக்கொரு சின்னப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் விழக்கூடாது. கண்டக்டர் கிடையாது. எல்லோரும் எழுதி எல்லோரும் படிக்கிற ஒரு பொதுப் பலகை மட்டும் உண்டு. இதில் பேஜாரு என்னவென்றால், எந்த நேரத்திலும் ஒன்று அப்படியே நின்றுபோகலாம். துண்டு கிடக்கும், ஆள் வரமாட்டார். மெதுவாக வருகிறாரா, வரவே மாட்டாரா என்று மற்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. அப்படிக் காத்திருக்காமல் இடம் பிடிக்க ஆறு பேருக்கு ஆறு இடம் போதாது. அன்று நாங்கள் இருவரும் விலகினோமே, அந்த மாதிரி விலகி விலகி மோதிக்கொண்டே இருப்பார்கள். பதினோரு இடம் இருந்தால் எப்படியும் முடித்துவிடலாம். பத்து இருந்தால் ஒருகாலும் முடியாது என்று பெரிய பெரிய ஆட்களே நிரூபித்திருந்தார்கள். அந்த 'ஒருகாலும் முடியாது' மேல்தான் மேடத்தின் நாலாவது அதிகாரம் நின்றது.

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போக வேண்டிய நேரத்தில் மேடம் பஸ்ஸில் காகிதத்தை விரிக்காமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று குடைந்தபோது காகிதத்தை நீட்டினார். பழைய நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறதாம். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேர் என்றால் அது சரி. ஒரே பகா எண்ணைப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கிற எண்ணுக்கெல்லாம் சரி. ஆறு அப்படி இல்லை. இரண்டும் மூன்றும் கலந்தது. அங்கே உடைகிறது. ஆறு பேருக்குப் பத்து இடமே போதும் என்று வெளிநாட்டில் எழுதிவிட்டார்கள். கணக்கு டீச்சரான எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"அப்படியே குடுத்துடுங்க. தப்பு பண்ணது நீங்களா? அந்தப் பெரிய மனுசங்க பண்ண தப்பு" என்றேன்.

"தெரியாம எழுதினா தப்பு மேடம். தெரிஞ்சிக்கினே எழுதினா பொய்யி."

அதிகாரத்தை மாற்ற வேண்டுமென்றால் கைடின் கையெழுத்து வேண்டும். கைடு சென்னையில் இருந்தார், வயதானவர், நல்லவர். விவரத்தை மெயிலில் எழுதினார் மேடம். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தது. அதோடு சரி. போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். மேடம் சென்னைக்கே போய்ப் பார்த்தார். அறை பூட்டியிருந்தது, லீவில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்களாம். தினமும் பஸ்ஸில் போனை எடுத்துப் பார்ப்பார், பைக்குள் வைப்பார், மறுபடி எடுப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது.

"யாருக்காகவும் காத்திருக்கக் கூடாதுன்னு கிளாசுல சொல்லிக்கினு, நீங்க ஏன் இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"கம்ப்யூட்டருக்குக் கையெழுத்து வேணாமே மேடம்" என்றார்.

வருஷம் முடிந்தது. பதிவு காலாவதியானது. ஆள் குறைப்பில் முதல் பெயரே அவருடையதுதான். ஆறு பேருக்குப் பத்து இடம் போதும் என்று கண்டுபிடித்த உலகத்தில் இவள் ஒருத்திக்கு ஒரு இடம் இல்லாமல் போயிற்றே என்று அன்று வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அவர் திண்டிவனத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கவும் படம் வரையவும் கற்றுக்கொடுக்கிறார். சம்பளம் பாதி. பஸ் மட்டும் அதேதான்.

போன மாதம் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் முடி நரைத்துவிட்டது, முட்டி வலிக்கிறது; முன்போலப் பேச்சும் இல்லை. மேடத்தின் போன் சத்தம் கொடுத்தது. பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பழைய மெயிலுக்குக் கைடிடமிருந்து பதில். 'நீங்கள் சொல்வது சரி. நாலாவது அதிகாரத்தை மாற்றிவிடுங்கள்.' அவ்வளவுதான். ஏன் இத்தனை வருஷம், எங்கே போயிருந்தார், ஒன்றும் இல்லை.

"அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேளுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வெட்கமும் சிரிப்புமாக என் காதருகே குனிந்தார்.

"வேற மாதிரி நெனச்சிட்டேன் மேடம். கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் எங்கப்பாவோட சேத்து அவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கினு இருந்தேன்."

பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'நன்றி சார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார்.