ஹஸீப் கணினியைக் குளிர்வித்த வாரம்

இலங்கையில் மாத்தளைக்கு வடக்கே, நாலந்தா பக்கத்தில் யாருடைய மிளகிலாவது பூஞ்சணம் பிடித்தால், அது தன் கொட்டகையில் காயாத மிளகு என்று ஹஸீப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, அவருடைய வீட்டுக்குப் பின்னால் அந்த உலர்த்தும் கொட்டகை இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் சுற்றுவட்டாரத்து மிளகும் கராம்பும் சாக்குச் சாக்காக அங்கே வந்து சேரும். விறகு அடுப்பின் சூட்டை நாலு பக்கத்துப் பெரிய மின்விசிறிகள் உள்ளே தள்ளும். தட்டுகளில் பரப்பிய சரக்கு மொறுமொறுவென்று காய்ந்து வெளியே வரும்.

"காத்த உள்ள அனுப்பினா போதும். வெளிய போற வழி அதுக்கே தெரியும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். கொட்டகையின் கூரையோரம் முழுவதும் திறந்து கிடப்பதால் அதை யாரும் மறுத்ததில்லை.

ஹஸீபிடம் வேறு இரண்டு பிடிவாதங்களும் உண்டு. வீட்டில் எது பழுதானாலும் வெளியாள் கைவைக்கக் கூடாது. புதிதாக வாங்கிய பொருளின் பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றக் கூடாது. தொலைக்காட்சி ரிமோட், குளிர்சாதனப் பெட்டியின் கதவு, மோட்டார் சைக்கிள் இருக்கை என எல்லாமே உறையோடுதான் இருக்கின்றன. அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எழும்பும் விருந்தாளியோடு உறையும் கொஞ்ச தூரம் எழும்பும்.

மனைவி ஆதிபா இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார், கணினிக்குச் சூடு ஏறும்வரை.

ஆதிபா சமையலறைகளுக்கு, அதாவது குசினிகளுக்கு, அலுமாரிகள் வரைகிறவர். குருநாகலில் ஒரு தளபாட நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு வேலை வரும்போல இருந்தது. தம்புள்ளையில் விருந்தினர் விடுதி நடத்தும் சந்திரகாந்தா தன் புதிய குசினியைக் காட்டும் காணொளி ஒன்றைக் கேட்டிருந்தார். கட்டி முடித்த குசினிக்குள் நாமே நடந்து போவதுபோல் அது இருக்க வேண்டும். செலவு செய்யப்போகிறவர் இத்தாலியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன். அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் விமானம் ஏறுகிறார்.

"வெள்ளிக்கிழம பகலுக்குள்ள அனுப்பிருங்க ஆதிபா. இன்னொரு ஆள் ஏற்கனவே படம் காட்டிட்டாரு. அண்ணா ரெண்டையும் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு" என்று சந்திரகாந்தா தொலைபேசியில் சொன்னார்.

வரைவது ஆதிபாவின் வேலை. வரைந்ததை நடமாடும் படமாக்குவது கணினியின் வேலை. அதற்குக் கணினி மணிக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்க வேண்டும். ஆதிபாவின் கணினியோ பாதி வழியில் மூச்சு முட்டிப் பொத்தென்று அணைந்தது. திரும்பத் திரும்ப அணைந்தது. உள்ளே புரொசெசர் என்னும் சில்லு அளவுக்கு மீறிச் சூடாகிறது, எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைகிறது என்று ஆதிபா தேடிப் படித்துக் கண்டுபிடித்தார்.

"மாத்தளைக்கு, ரஜீவ்ட கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போவமா?" என்றார்.

ஹஸீபின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சூடு, காத்து, தூசி. இந்த மூணுலயும் எனக்குத் தெரியாத என்னத்த ரஜீவ் சொல்லித் தரப்போறான்?"

முதல் நாள் தூசியை எடுத்தார். தூரிகையால் எடுத்திருக்கலாம். ஆனால் கொட்டகையில் கராம்பிலிருந்து குப்பையை ஊதித் தள்ளும் ஊதுகருவி இருக்கும்போது தூரிகை எதற்கு? கணினியைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத் தகட்டைக் கழற்றி, ஊதுகருவியை முடுக்கினார். வருடக் கணக்கான தூசி ஒரே மூச்சில் பறந்தது. கணினி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கமகமவென்று வாசம் வீசியது. இயக்கியதும் கிர்ர்ர் என்று கத்தியது. மின்விசிறியில் கராம்புக் காம்பு ஒன்று சிக்கியிருந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய தாத்தா றுஸ்னா அப்போதுதான் உள்ளே வந்தார். மூத்த சகோதரி என்ற உரிமையில் எதையும் சொல்லக்கூடியவர்.

"என்ன தம்பி, புரியாணி வாசம் வருது. கம்ப்யூட்டர தம்ல போட்டியா?"

"காம்புதான் தாத்தா, எடுத்துட்டேன்."

"கறுவாவும் ஏலமும் போட மறந்துட்டியே."

காம்பை எடுத்த பிறகும் கணினி அணைந்தது. இரண்டாம் நாள் ஹஸீப் காற்றைக் கையில் எடுத்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முன்பக்க விசிறிகள் காற்றை உள்ளே இழுத்தன. பின்பக்கத்து விசிறியும் மேலே இருந்த விசிறியும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

"இதப் பூட்டினவன் தூக்கத்துல பூட்டியிருக்கான். பாதி பேன் தலகீழா இருக்கு!"

வெளியே தள்ளிய அந்த இரண்டையும் கழற்றித் திருப்பிப் பூட்டினார். இப்போது எல்லா விசிறிகளும் உள்ளே ஊதின, கொட்டகையில் ஊதுவதுபோலவே. ஆதிபா சந்தேகத்தோடு பார்த்தார். ஆனால் காற்று விஷயத்தில் கணவரோடு வாதாடி வென்றவர்கள் நாலந்தாவில் இல்லை. கணினி முன்னதைவிடச் சீக்கிரமாக அணைந்தது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலையிலேயே தம்புள்ளைக்கு பஸ் ஏறிய ஹஸீப், புரொசெசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்துக்கொள்ளும் புதிய குளிர்விப்பான் ஒன்றோடு திரும்பினார். உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக மின்னின. அடிப்பாகம் கண்ணாடிபோல் பளபளத்தது. சில்லின் மேல் பூசுகிற பசையும் ஒரு சிறிய குழாயில் கூடவே வந்திருந்தது. பாதியைப் பூசிவிட்டு, மீதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைத்தார். பூட்டி முடித்ததும் ஆதிபாவைக் கூப்பிட்டார்.

"தொட்டுப் பாருங்க. எப்பிடிக் குளிருது? ஐஸ் கட்டி மாதிரி!"

தகடுகள் உண்மையிலேயே குளிர்ந்திருந்தன. "மாஷா அல்லாஹ்" என்றார் ஆதிபா. படத்தை ஓடவிட்டார். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே கணினி அணைந்தது.

இப்போது ஆதிபாவின் குரல் மாறியது. "நாளைக்குப் பகலுக்குள்ள அனுப்பணும். இது என்ட மொத சொந்த வேல. போனா அந்த குருநாகல் காரங்களுக்கே காலம் முழுக்க வரைஞ்சு குடுத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

ஹஸீபே தொலைபேசியை எடுத்தார். மாத்தளைக் கடைக்கு அழைத்துப் பார்த்தார்கள். ரஜீவ் கண்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவாராம்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்தது. வியாழன் பொழுது சாய்ந்ததும் வெள்ளி இரவு தொடங்கிவிடும் என்பதால் ஆதிபா வழக்கம்போல் சட்டியில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டு வீடெங்கும் புகை காட்டினார். மறுபடி இயக்கி விட்டிருந்த கணினியின் மேசைக்கும் காட்டினார். பெட்டியின் முன்னால் சட்டியைப் பிடித்ததும் புகை உள்ளே போனது. பின்னால் பிடித்தார், அங்கும் உள்ளே போனது. மேலே பிடித்தார். மேலே எழும்ப வேண்டிய புகை, தலையைக் குனிந்துகொண்டு பெட்டிக்குள் இறங்கியது.

"என்னங்க, இங்க வாங்க."

ஹஸீப் வந்தார்.

"எல்லாப் பக்கத்தாலயும் உள்ள போகுது. எந்தப் பக்கத்தால வெளிய வருது?"

ஹஸீப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். ஒரு மூலையில் புகை நூல்போல் கசிந்துகொண்டிருந்தது.

"இந்தா, வருது."

"இது வாறதா? தப்பிச்சு ஓடுறது!"

வாசலில் நின்ற றுஸ்னாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, நீ கம்ப்யூட்டரக் குளிர வைக்கல. காயப் போட்டிருக்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தான் செய்தது என்னவென்று ஹஸீபுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகைக்குத் திறந்த கூரையோரம் உண்டு. இந்த இறுக்கமான இரும்புப் பெட்டிக்கு அது இல்லை. உள்ளே போன காற்று முட்டிமோதிச் சூடேறி அங்கேயே கிடந்திருக்கிறது. திருப்புளியை எடுத்தார். பின்னுக்கும் மேலுக்கும் இருந்த விசிறிகளைப் பழையபடி திருப்பினார். யாரோ தூக்கத்தில் பூட்டியதாக அவர் சொன்ன அதே பக்கம்.

இம்முறை கணினி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. பிறகு அணைந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாலை சுபஹ் தொழுத கையோடு ஆதிபா கணினியின் முன் உட்கார்ந்தார். பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. சில்லு கொதிக்கிறது என்று திரையில் இலக்கம் சிவப்பாகக் காட்டியது. அவர் குளிர்விப்பானின் தகடுகளைத் தொட்டார். ஐஸ் கட்டி மாதிரி குளிர்ந்திருந்தன.

ஹஸீப் அருகில் வந்து, "நான் சொன்னேன்ல, அதுல ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அதுதான் குறை. அடுப்பு கொதிக்குது, மேல வச்ச சட்டி பச்சத் தண்ணியா இருக்கு. அப்பிடீன்னா சட்டி அடுப்புல உக்காரல. ரெண்டுக்கும் நடுவுல என்னமோ இருக்கு. கழட்டுங்க."

கழற்றினார். குளிர்விப்பானைத் திருப்பிப் பிடித்த ஆதிபா அதன் அடிப்பாகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஓரத்தில் ஒரு சிறிய நீல நாக்கு துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தார். சர்ரென்று மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது.

"இது என்ன?"

"கவர்."

"நீங்க பாக்கலயா?"

ஹஸீப் பொய் சொல்லத் தெரியாதவர். "பாத்தேன். புதுச் சாமான், கீறு விழுந்துறும்னு விட்டு வச்சேன்."

ஆதிபா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் தாளில் தெளிவாக அச்சடித்திருந்த ஆங்கில வாசகம் கண்ணில் பட்டது, பூட்டுமுன் அகற்றவும் என்று.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். கம்பனிக்காரன் அப்பிடித்தான் போடுவான். ரிமோட்லயும்தான் போட்டிருந்தான்."

ஆதிபா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துபோய் ஹஸீப் பக்கத்தில் வந்தார். அழவில்லை.

குழாயில் மிச்சம் வைத்த பசை அங்கே கைகொடுத்தது. அதை மட்டும் பின்னாளில் ஹஸீப் தன் முன்யோசனை என்றே சொல்லிக்கொள்கிறார். பூசியது ஆதிபா. பூட்டியதும் ஆதிபா. விளக்குப் பிடித்ததோடு ஹஸீபின் பங்கு முடிந்தது. படம் ஓடத் தொடங்கியது. தகடுகள் மெல்லச் சூடேறின. தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சூடு ஏறுவதைப் பார்த்து ஹஸீப் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். கணினியின் பின்பக்கத்தில் கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் அடிக்கடி கையை வைத்துப் பார்த்தார்.

"கைய எடுங்க, காத்து போக வேணாமா?" என்று ஆதிபா திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்.

ஜும்ஆத் தொழுகைக்கு ஹஸீப் குளிக்கப் போனபோது படம் முடிந்து தம்புள்ளைக்குப் போய்விட்டது. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சந்திரகாந்தா.

"அண்ணாவுக்குப் புடிச்சிருச்சு ஆதிபா. வேல உங்களுக்குத்தான். மேல் மாடி அறை அலுமாரி எல்லாத்தையும் நீங்களே வரைஞ்சு தாங்களேன்."

ஆதிபா சரி என்றார். தொலைபேசியை வைத்தார். பிறகு ஓடிப்போய் றுஸ்னாவிடம் சொன்னார். கணவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்.

தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது ஹஸீபால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற, அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் ஹுஸ்னியிடம் சொன்னார்.

"எங்களுக்கு தம்புள்ளையில பெரிய வேலயொண்ணு கெடச்சிருக்கு."

"எங்களுக்கா? ஆதிபா மதினிதானே வரையிறாங்க. நீங்க என்ன செஞ்சீங்க நானா?"

"கூலிங் பக்கத்த நான் பாத்துக்கிட்டேன்."

ஹுஸ்னி நம்பிவிட்டார். "அப்பிடியா? எங்க வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்ப சும்மா சும்மா சூடேறி நிக்குது. ஒருக்கா வந்து பாருங்களேன்."

ஹஸீப் செருப்பில் காலை நுழைத்தார். வலது செருப்பு, பிறகு இடது. வழக்கமாக இந்த மாதிரி அழைப்புக்கு அவர் அதே நிமிடம் கிளம்பிவிடுவார்.

"பின்னேரம், அசர் தொழுகைக்குப் பொறகு வாறேன்" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆதிபாவையும் கூட்டிட்டு வாறேன்."