செல்லக்காசு மாப்பிள்ளையும் கோவில்பட்டி உப்புத் தண்ணீரும்

மதுரையில் காலை ஆறேகாலுக்கு பஸ் ஏறினேன். மடியில் ஓர் அலுமினியத் தூக்குவாளி, அதன் வாயில் மெல்லிய துணி, உள்ளே ஒரே ஒரு மீன். கோவில்பட்டிக்கு டிக்கெட் ஒன்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். எண்பத்து நான்காம் வருடம், மாசி மாதம்.

கண்டக்டர் வாளியை முறைத்தார். "என்னம்மா, சாம்பாரா? சிந்துச்சுன்னா நான்தான் கழுவணும்."

"மீன்."

"கொழம்பா?"

"உசுரோட இருக்கு. இவனுக்குப் பொண்ணு பாக்கப் போறேன்."

"அப்ப மாப்பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சிருவமா?"

பின் சீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாப்பிள்ளை பத்து நாளுக்கு முன் தன் பெண்டாட்டியைக் கொன்றவன்.

இது செல்லக்காசு என்னும் மீன். தூத்துக்குடிப் பக்கம் கழிமுகத்தில் கிடைக்கும். மூன்று விரல் அகலம், மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. சிக்லிட் என்று புத்தகங்களில் எழுதும் குடும்பம். கடைகளில் விற்கும் ஏஞ்சல் மீன் இதற்குச் சொந்தம். சந்தையில் கூறு போட்டு விற்கும் ஜிலேபிக் கெண்டையும் சொந்தம்தான். மற்ற மீன்களை நான் வளர்த்துச் சலித்துவிட்டேன். அவை போகும், வரும், தின்னும். சிக்லிட் அப்படியல்ல. தொட்டியில் ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். ஜோடி சேரும், முட்டையைக் காக்கும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை முடித்து வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடியருகே வந்து என்னையே பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் கல்லுக்குப் பின்னால் போய்விடும். ஆள் தெரிகிற மீன் அது. அதனால்தான் அந்தக் கொலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழே முக்காலுக்கு விருதுநகர். ஒரு டீ குடித்தேன், வாய்க்கு விளங்கவில்லை. துணியை விலக்கி மீனைப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். வெடிப்புகளில் கை நுழையும். பருத்தி வெடித்து நின்றது. பெண்கள் மடி கட்டிக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குட்டைகூட இல்லை. இந்த ஊரில் போய் மீன் தேடுகிறேனே என்று எனக்கே கோபம் வந்தது. கூட வேலை பார்க்கும் ஒருத்திதான், தன் மதினி ரோசம்மா வீட்டில் இதே மீன் வருடா வருடம் குஞ்சு வளர்ப்பதாகச் சத்தியம் செய்து அனுப்பியிருந்தாள்.

ஒன்பதரைக்கு கோவில்பட்டி. ஆட்டோ நான்கு ரூபாய். ரோசம்மாவின் தெருமுனையில் அடிபம்பு, அதற்கு முன்னால் குடங்களின் வரிசை. சிலர் குடத்தை மட்டும் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

ரோசம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இரவு ஷிப்டு முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ரோசம்மா என்னிடம் பேசும்போதும் கை நிற்கவில்லை. தாளைப் பார்க்காமலே மடித்து, பசை தடவி, குவியலில் எறிந்தது.

மனதில் இருந்ததை முதலிலேயே கேட்டுவிட்டேன். "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல மீனுக்குத் தொட்டி வைக்கிறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"இங்கன வாங்கக்கா." கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். "வாயில விட்டுப் பாருங்க."

துப்பினேன். அவ்வளவு உப்பு.

"இதுல சோப்புப் போட்டா நொரைக்காது. பருப்பு வேகாது. மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும். இதுகளுக்கு மட்டும் அமிர்தம். நீங்க எதுல வளக்குதீங்க?"

"வைகைத் தண்ணி. குழாயில வர்றது."

"நல்ல தண்ணியிலயா? பாவம்லா!"

கொல்லையில் இரண்டு சிமெண்ட் தொட்டிகள், நிழலில் ஒரு கண்ணாடித் தொட்டி. கண்ணாடிக்குள் ஒரு ஜோடி இருந்தது. அவற்றைச் சுற்றித் தூசி போல நூறு குஞ்சுகள். குஞ்சுகள் தாயின் விலாவில் வந்து முட்டி எதையோ கொறித்துவிட்டு ஓடின. பிறகு தகப்பன் விலாவில் போய் முட்டின. பெரியவை இரண்டும் அசையாமல் உடம்பைக் கொடுத்துக்கொண்டு நின்றன.

"என்ன தின்னுதுங்க?"

"ஒடம்புல ஊறுற வழவழப்பு. மொத நாள்கள்ல அதுதான் பாலு. அப்பனும் குடுப்பான்."

வெகுநேரம் நின்று பார்த்தேன். பிறகு வாசலுக்குத் திரும்பி, ரோசம்மா மறுபடி கூடு ஒட்டத் தொடங்கியதும் வந்த வேலையைச் சொன்னேன். "எனக்கு ஒரு பொண்ணு வேணும்."

"இருந்தவ என்ன ஆனா?"

"இவன் கடிச்சே கொன்னுட்டான்."

"அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

"முட்டை போட்டுச்சு, மூணு தடவை. பெத்ததுங்களே தின்னுரும்னு கடைக்காரர் சொன்னார். அதனால முட்டை ஒட்டியிருந்த கல்லோட எடுத்து வேற பாட்டில்ல போட்டு, பூஞ்சை பிடிக்காம இருக்க நீல மருந்து விட்டேன். பொரிச்சுது. ஒரு வாரத்துல எல்லாம் செத்துச்சு."

ரோசம்மாவின் கை நின்றது. "மூணு தடவையுமா எடுத்தீங்க?"

"ஆமா."

"பிள்ளையளக் காணலன்னா அதுக யாரச் சந்தேகப்படும்? தொட்டியில இருக்கது ரெண்டே உசுரு. நீதான் தின்னுட்டேன்னு அவன் அவள அடிச்சிருக்கான். நீங்க எடுத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. நூறு கிலோமீட்டர் வந்தது பேச்சு வாங்கவா என்று கத்தினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, அங்கன யாரு சத்தம்?"

"மதுரையில இருந்து சம்பந்தம் பேச வந்திருக்காவ. நீங்க ஒறங்குங்க!"

எதிர்வீட்டுப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கோபத்தோடு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ரோசம்மா ஒரு பெண்மீனைக் காட்டினார். சிமெண்ட் தொட்டியில் தனியாகக் கிடந்தது. "போன மாசம் இவ புருசனக் காக்கா கொத்திட்டுப் போயிட்டு. ஆனா இன்னிக்கே கொண்டு போறேன்னா தர மாட்டேன். வாளிக்குள்ளயே அடிச்சுக்கிடும். நடுவுல கண்ணாடி போட்டு ஒண்ண ஒண்ணு பாக்க விடணும். பத்து நாளாவும். மாப்பிள்ளைய விட்டுட்டுப் போங்க."

"என்னை நம்பித் தர மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றார், கையோடு கொல்லைக்கு எடுத்து வந்திருந்த கூட்டை ஒட்டிக்கொண்டே.

என்னைப் போலவே முகத்துக்கு நேரே பேசுகிற ஒருவரை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை. கேட்க நன்றாக இல்லை. பேசாமல் அவனைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாமா என்று யோசித்தேன். அவன் என் மீன். அவனைத் தவிர என்னிடம் வேறு மீனும் இல்லை. இங்கே செத்தால் ஒரு கார்டு வரும், அவ்வளவுதான். கண்ணாடித் தொட்டியில் அந்த இரண்டும் இன்னும் விலாவைக் கொடுத்துக்கொண்டு நின்றன. தூக்குவாளியை ரோசம்மாவிடம் நீட்டினேன்.

பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை, அவள் கிடந்த சிமெண்ட் தொட்டியின் நடுவில் செருகினார். கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்கி, அவனை விட்டார். முதலில் கறுத்துப்போய் மூலையில் கிடந்தான். மூன்று மணிவாக்கில் நிறம் திரும்பியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் வந்து நின்றாள். இவன் துடுப்பையெல்லாம் விரித்து உடம்பை உதறினான்.

"நான் கிளம்புறேன்டா" என்றேன். ஆள் தெரிகிற மீன் என்று சொன்னேன் அல்லவா? அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலரை பஸ்ஸில் ஏறினேன். மடியில் வைக்க ஒன்றும் இல்லாமல் கை சும்மா கிடந்தது. மதுரையில் என் தொட்டி அந்த வீட்டிலிருந்தவற்றைவிட அழகானது. பல்பு உண்டு, வெள்ளை மணல் உண்டு, நல்ல தண்ணீர் உண்டு. எல்லாம் எனக்குப் பிடித்தபடி நான் வைத்தவை. மீனுக்கு எது பிடிக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சாத்தூர்வரை ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் கார்டு வந்தது. கோணல் எழுத்து, நாலே வரி. "கண்ணாடியை எடுத்தாச்சு. சண்டை இல்லை. ஓட்டாஞ்சில்லில் முட்டை இருக்கு, ரெண்டும் காவல் நிக்குது. அக்கா, நீங்க இப்ப வர வேண்டாம்."

நான் போகவில்லை.