நளினி வரைந்த அறுபது இருக்கைகள்

தீவின் உட்புறக் கிராமமான சௌல்தாரியிலிருந்து காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து நகரத்து மரைன் ஹில்லுக்கு வேலைக்கு வருகிறவள் நளினி. வயது முப்பத்தொன்பது. இணையதளங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினான்கு வருஷமாக இருக்கிறாள். அவள் செய்ததெல்லாம் பழைய முறை. எதைத் தொட்டாலும் கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் சர்வருக்குச் சேதி போய், திரை வெளுத்து, பக்கம் முழுக்கத் திரும்ப வரும்.

அந்த ஜூலையில், சுற்றுலாப் படகு விடும் ஜெகநாதன் ஆபீஸுக்கு வந்தார்.

"எங்க புக்கிங் சைட்ல டூரிஸ்ட் ஒரு சீட்டத் தொட்டா அப்பவே கலர் மாறணும்மா. இப்ப தொட்டுட்டு ஒரு சாயா குடிச்சுட்டு வரலாம் போல இருக்கு. அக்டோபர்ல சீசன். முடியுமா?"

"முடியும் சார்" என்று நளினியின் வாய் முந்திக்கொண்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதற்கென்றே ஃபிரேம்வொர்க் என்னும் புதிய நிரல் தொகுப்பு ஒன்று இருந்தது. சர்வரை எதிர்பார்க்காமல் பிரவுசரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நளினியும் பக்கத்து மேசை அன்வரும் அதைக் கற்க உட்கார்ந்தார்கள். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள்தான். யாரோ இணையத்தில் எழுதி வைத்த நிரல் வரிகளை எடுத்து ஒட்டினார்கள். ஒன்று சரியானால் இரண்டு கெட்டது.

"நளினிக்கா, இது என் மண்டையில ஏறல. பழசே டீக் ஹை, அதுவே போதும்" என்றான் அன்வர்.

எட்டாம் நாள் பெருமழை. சரிவில் மரம் சாய்ந்து இணையக் கம்பி அறுந்தது. போனிலும் சிக்னல் இல்லை. ஒட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. கணினியில் இறக்கி வைத்திருந்த கையேடு மட்டும் இருந்தது. நளினி அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். மத்தியானம் ஒரு தாளில் படகின் அறுபது இருக்கைகளையும் வரைந்தாள். வரைந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அன்வர், நாம தப்பா பண்றோம். கலர மாத்து, எண்ணிக்கையக் குறைன்னு ஒவ்வொண்ணா உத்தரவு போடுறோம்ல? அது வேண்டாம். எந்த சீட் போச்சுன்னு மட்டும் சொன்னா போதும். மிச்சத்த ஃபிரேம்வொர்க்கே வரைஞ்சுக்கும்!"

"மத்லப், அதாவது திரையில நாம எதையும் மாத்தவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

இருபது வரிகளை அழித்தாள், நான்கு எழுதினாள். பதினேழாம் இருக்கையைத் தொட்டாள். கண் இமைக்குமுன் பச்சை சிவப்பானது. மேலே 'காலி இடம் 60' என்றிருந்தது 59 ஆனது. திரை வெளுக்கவில்லை. நளினி வாய்விட்டுச் சிரித்தாள். அன்வர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, "அரே வாஹ்! இன்னொரு தடவ, இன்னொரு தடவ!" என்று கத்தினான்.

செப்டம்பர் கடைசியில் ஜெகநாதன் வந்து பார்த்தார். ஒரு இருக்கையைத் தொட்டார். இன்னொன்று. பிறகு நிறுத்தவே இல்லை. படகு முழுவதையும் சிவப்பாக்கிவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்.

"ஹவுஸ்ஃபுல்லும்மா!" அறுபது வயசுக்காரர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

சீசன் தொடங்கிய அன்று நளினி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படகு ஏறும் ஜெட்டிக்குப் போனாள். புதுசாய்க் கல்யாணமான வங்காளி ஜோடி ஒன்று போனில் இடம் தேடிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் யாருக்கு என்று ஒரு சின்னச் சண்டை. கடைசியில் அந்தப் பெண் தொட்டாள், இருக்கை சிவந்தது. இருவரும் சிரித்தபடி படகை நோக்கி ஓடினார்கள். நளினி அவர்கள் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.