வெற்றிகள் அச்சடித்த துவாய்

1. 2006 மாசியில், சிசிலியில், பிரான்காச்சோவில் லிஃப்ட்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சிறிய பட்டறையில் என் வேலை நிரந்தரமானது.
2. அந்தத் துணிவில், வுச்சீரியாச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் ஐரிஷ்காரியுடன் வீட்டைப் பங்குபோட்டுக் குடிபுகுந்தேன்.
3. முதல் கிழமையே அவளுடைய ஊர் நூறு வருடமாக வென்றதையெல்லாம் எடுத்துக் கறிச்சட்டியைத் துடைத்தேன்.
4. 2008 வைகாசியில் அவளுக்காக ஒரு பந்தாட்டம் ஆடினேன்.
5. வென்றோம்.

மூன்றாவதை விளக்காமல் நான்காவதுக்குப் போக முடியாது.

குசினியில் பிரிட்ஜுக்கு மேலே, இரண்டு உடுப்புக் கிளிப்பில் ஒரு துவாய் தொங்கியது. பாத்திரம் துடைக்கிற அளவு. அதில் சிவப்பு மையில் நாலு நிரலாக ஆண்டுகள். ஏதோ பழைய கலண்டர் என்று நினைத்தேன். உருளைக்கிழங்குக் கறி பொங்கி வழிந்துவிட்டது. கைக்கு எட்டியதை இழுத்தெடுத்துச் சட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். அவள் வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றாள். ஒரு மொழிப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். நாங்கள் கதைத்ததெல்லாம் இத்தாலியனில்; எழுதும்போது என் தமிழில்தான் வருகிறது.

"நீ இப்ப என்ன செய்தனி எண்டு தெரியுமோ?"

"சட்டி துடைச்சனான்."

"காட்டு." துவாயை விரித்துப் பார்த்தாள். "நாலு இறுதி ஆட்டம். ஒரு சட்டியிலை!"

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறியது. அவள் கதிரையில் இருந்துவிட்டாள். நான் பதறவில்லை. மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் போகும். எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். இரண்டு நாள் பல்கனியில் காயப்போட்டேன். கறை போய்விட்டது, ஆண்டுகள் அப்படியே நின்றன. அன்றிலிருந்து அவள் என்னை "இஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் இஞ்சினியர் இல்லை. தொழில்நுட்பப் பள்ளி டிப்ளோமாவோடு பெட்டிக்குள் வயர் பூட்டுகிறவள்.

அந்த ஆண்டுகளின் கணக்கை அவளே சொன்னாள்: அவளுடைய கவுண்டியின் பெரியவர் அணிகள் நாட்டின் இறுதி ஆட்டத்தை வென்ற ஆண்டுகள். அவர்கள் நாட்டில் கவுண்டி என்பது எங்கள் மாவட்டம் மாதிரி. பிறந்த கவுண்டிக்குத்தான் ஆட வேண்டும், காசு கிடையாது. மட்டையால் ஆடுகிற ஆட்டம் ஒன்று, காலாலும் கையாலும் ஆடுகிற பந்தாட்டம் ஒன்று. ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு. அதனால்தான் நாலு நிரல். முதல் மூன்றும் நிறைய ஆண்டுகள். நான்காவது நிரலில் தலைப்பு மட்டும் அச்சாகி, கீழே பேனாவால் ஒரே ஓர் ஆண்டு.

"இது அச்சடிக்கேக்கை பெண்கள் பந்தாட்டத்திலை நாங்கள் ஒண்டும் வெல்லேல்லை. இப்ப வெல்லுறம்," என்றாள். அந்த செப்டெம்பரில், இறுதி ஆட்டம் முடிந்ததும், இன்னோர் ஆண்டை எழுதினாள். அடுத்த செப்டெம்பரிலும் எழுதினாள். உடுப்பில் பேர் எழுதுகிற பேனா, கழுவினாலும் போகாது. எழுதுவதற்கு முன் கை கழுவினாள்.

முள்ளுக்கரண்டி லாச்சியின் அடியில் ஒரு மெடல் கிடந்தது. ஒருநாள் கரண்டிகளைச் சாமான் வாரியாகப் பிரித்து அடுக்கும்போது கண்டெடுத்தேன்.

"பதினெட்டு வயசுக்குட்பட்ட அணி. நாங்கள் வென்ற வருசம்," என்றாள்.

"அப்ப ஏன் இது கரண்டிக்குக் கீழை கிடக்குது?"

"முழு அணிக்கும் குடுத்தவை. நான் மாற்றாளா வாங்கிலை இருந்தனான். ஒரு நிமிசம்கூட இறக்கேல்லை." மெடலைத் திரும்ப வைத்து அதன் மேல் கரண்டிகளைப் போட்டாள். "எங்கடை கவுண்டி எத்தினையோ வென்றிட்டுது. நான் ஆடி வென்றது ஒண்டும் இல்லை. எனக்கு ஒண்டு போதும்."

2008 தொடக்கத்தில் அவளுக்கு ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. ஆடி மாதம் போக வேண்டும், அதற்கு முன் ஒரு ஆட்டமாவது ஆடி வெல்ல வேண்டும் என்றாள். தீவுக்கு வெளியே, இத்தாலியப் பெருநிலத்து நகரமொன்றில் ஐரிஷ்காரரும் இத்தாலியரும் சேர்ந்த பெண்கள் குழு ஒன்று இருந்தது. வைகாசியில் மொண்டெல்லோக் கடற்கரைக்கு விடுமுறையில் வரும்போது ஒரு ஆட்டம் ஆடச் சம்மதித்தார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். அவளோடு படிப்பிக்கிற இரண்டு பேரும் அவளிடம் படிக்கிற இரண்டு சிசிலிப் பெண்களும் வந்தார்கள். அவளோடு சேர்த்து ஐந்து. இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

"இஞ்சினியர், நீ பள்ளிக்கூடத்திலை ஏதும் விளையாடினனியோ?"

வலைப்பந்து ஆடியிருந்தேன், யாழ்ப்பாணத்தில், பதினைந்து வயது வரை. என்னைவிட நல்லாக ஆடியவள் என் மச்சாள். பாடசாலை அணித் தலைவியாக இருந்தவள். இப்போது ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை, ஞாயிறு லீவு. கேட்டவுடன் சொன்னாள்: "ஓம், வாறன். ஆனா வெயிலுக்கை ஓடச் சொல்லாதை."

பங்குனி முழுக்க மொண்டெல்லோ மணலில் பழகினோம். குளிக்க வருகிறவர்கள் உடுப்பு மாற்றக் கோடையில் வைக்கிற மர அறைகளை இன்னும் வைக்கவில்லை, கடற்கரை காலி. பந்தை எறியக் கூடாது, கையால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். பந்தோடு நாலு எட்டு வைத்து ஓடலாம். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் பந்தை நிலத்தில் குத்த வேண்டும், அல்லது கால் நுனியால் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். குத்தவும் தட்டவும் மச்சாளும் நானும் பழகிவிட்டோம். ஓடத்தான் முடியவில்லை.

வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நிற்க வேண்டும். ஓடினால் பிழை. எத்தனையோ வருடம் விசிலுக்குப் பயந்து பழகிய கால்கள் அவை. பந்தைப் பிடித்தோம் என்றால் கால் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

"ஓடு!" என்று அவள் கத்துவாள். "ஏன் நிக்கிறாய்? ஆரும் படம் எடுக்கினமோ?"

"பந்து வந்தா நிக்கிறதுதான் ஆட்டம்," என்பாள் மச்சாள். "ஓடுறது நீங்கள். களவெடுத்த ஆக்கள் மாதிரி."

ஆட்டத்துக்குப் பிரான்காச்சோவில் தேவாலயத்துக்குச் சொந்தமான மைதானத்தைக் கேட்டு வாங்கினோம். கம்பங்கள் என் பொறுப்பு. இந்த ஆட்டத்தில் கோல் கம்பம் குறுக்குக் கம்பத்துக்கு மேலேயும் உயர்ந்து நிற்க வேண்டும். மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. பட்டறையில் மிஞ்சிய வயர்க் குழாய்களைக் கேட்டெடுத்து, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியால் கம்பங்களோடு இறுக்கிக் கட்டினேன். காற்றில் கொஞ்சம் ஆடின. விழவில்லை.

எல்லாவற்றையும் பட்டியல் எழுதிச் சரிபார்த்த நான் ஒன்றை எழுதவில்லை. மணலில் பந்து எழும்பாது, அதனால் பலமாகக் குத்திப் பழகியிருந்தோம். தேவாலய மைதானம் புல் இல்லாத கட்டாந்தரை. முதல் பாதியில் நாங்கள் நிலத்தில் குத்திய பந்தெல்லாம் தலைக்கு மேலால் போனது. அவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போய்ப் புள்ளி அடித்தார்கள். நான் கோலுக்கு முன்னால் நின்று இரண்டைத் தடுத்தேன். ஆனாலும் பாதி ஆட்டத்தில் ஐந்து புள்ளி பின்னால். போதாததுக்கு முன்பே காயம்பட்ட அவளுடைய முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. காலை மடக்க முடியவில்லை.

தண்ணீர்ப் போத்தலோடு அவள் நிலத்தில் இருந்தாள். மச்சாள் அவளுக்கு முன்னால் குந்தினாள்.

"உம்மாலை இனி ஓடேலாது."

"ஏலும்."

"ஏலாது. நீர் போய் கம்பத்துக்குக் கிட்ட நில்லும். நாங்கள் பிடிச்சு, நிண்டு, பாத்து, குடுத்துக் குடுத்துக் கொண்டுவாறம். பந்தை ஒருத்தரும் நிலத்திலை குத்த வேண்டாம். நீர் மேலாலை தட்டிவிடும்."

"நிக்கிறதுக்கோ நான் வந்தனான்?" அவள் போத்தலைத் தள்ளிவிட்டாள். "நான் வாங்கிலை இருந்தது காணும்."

எனக்கு அவளுடைய கோபம் விளங்கியது. திட்டம் சரி என்பதும் விளங்கியது. "வலைப்பந்திலை கோல் போடுறவ ஓடுறேல்லை. அவவிட்டைத்தான் எல்லாரும் பந்தைக் கொண்டு போறது. அவவுக்குத்தான் பள்ளிக்கூடத்திலை கூடின மரியாதை," என்றேன். அது உண்மை, மச்சாளின் சிநேகிதிகள் எல்லாரும் அந்த இடத்துக்குத்தான் சண்டை பிடிப்பார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், நொண்டிக்கொண்டு போய்க் கம்பத்துக்கு முன்னால் நின்றாள்.

இரண்டாம் பாதியில் மச்சாள் உயரத்தில் பந்தைப் பிடிப்பாள், பிடித்த இடத்திலேயே நிற்பாள். அவள் ஓடப்போகிறாள் என்று எதிர்பார்த்துத் தடுக்க வந்தவர்கள் அவளைத் தாண்டி ஓடிவிடுவார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பந்து போய்விடும். சிசிலிப் பெண்கள் இரண்டு பேரும் விரைவிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி வாங்கி மற்றவளுக்கு, அவள் கம்பத்தடிக்கு. ஐரிஷ்காரி கையால் மேலே தட்டினாள். ஒரு புள்ளி. இன்னொன்று. ஒன்று குழாயில் பட்டு வெளியே போனது. எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். பிறகு மச்சாள் கிட்ட நின்று ஒன்றை வலைக்குள் குத்தினாள், மூன்று. புள்ளிகள் சமன்.

கடைசி நிமிடத்தில் நான் எங்கள் கோலடியில் ஒரு பந்தைப் பிடித்தேன். நின்றேன். என் மேல் மோத வந்தவள் பக்கத்தால் சறுக்கிப் போனாள். மச்சாள் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். காலால் நீட்டி அடித்தேன். அவள் பிடித்தாள், நின்றாள், இரண்டு பேர் தாண்டிப் போனார்கள், குத்தினாள். பந்து கொஞ்சம் தூரமாய்ப் போனது. ஐரிஷ்காரி எட்ட வேண்டியிருந்தது. மூன்று எட்டு, வீங்கின காலோடு, ஓடினாள். தட்டினாள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவால் பந்து போனது.

தோற்றவர்கள் மொண்டெல்லோவில் எல்லாருக்கும் கிரனீத்தா என்கிற ஐஸ் கூழ் வாங்கித் தர வேண்டும் என்பதுதான் பந்தயம். எலுமிச்சை கிரனீத்தாக் கோப்பையை முழங்காலில் வைத்து வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடி அவள் கேட்டாள்:

"உண்மையாச் சொல்லுங்கோ. நான் விளையாடினனானோ?"

"இல்லை," என்றாள் மச்சாள். "அந்த மூலையிலை நிண்டு கடலை வித்தனீர்."

அவள் சிரித்த சிரிப்பில் கிரனீத்தா மணலில் கொட்டியது. பிளாஸ்டிக் கரண்டியை மட்டும் நக்கித் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பேனாவை எடுத்து நீட்டினேன். நான்காவது நிரலில் இடம் இருந்தது. அவள் வாங்கவில்லை. "அது கவுண்டியின்ரை. இது என்ரை," என்று கரண்டியைக் கழுவி லாச்சியில், மெடலுக்குப் பக்கத்தில் போட்டாள். ஆடியில் போகும்போது இரண்டையும் ஒரே காலுறைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். துவாயை எனக்கு விட்டுப்போனாள். செப்டெம்பர் வந்தால் பார்த்து எழுது, கையைக் கழுவிப்போட்டு எழுது என்றாள்.

இப்போது 2009 ஐப்பசி. போன செப்டெம்பரிலும் இந்த செப்டெம்பரிலும் நான்காவது நிரலில் ஓர் ஆண்டு எழுதினேன். அவள் ஊரில் சிறு பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பழக்குகிறாள், எல்லாரையும் இறக்குகிறாளாம். எங்கள் குழு அதற்குப் பிறகு இரண்டு தரம் ஆடி இரண்டு தரமும் தோற்றது. அடுத்த ஆட்டம் பங்குனியில், இம்முறை கட்டாந்தரையில் பழகுகிறோம். மச்சாள் பந்தைப் பிடித்தால் இன்னும் நிற்கிறாள். வயர்க் குழாய்கள் மைதானத்தில் அப்படியே நிற்கின்றன. சட்டி துடைக்க வேறு துணி வாங்கிவிட்டேன்.