கண்ட்ரோல் ஊர்

வினிகர் வாசனை... இன்றைக்கும் ஏதாவது நூடுல்ஸ் கடையைத் தாண்டும்போது அது மூக்கில் ஏறினால், நடையை எட்டிப் போடுகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வயலெல்லாம் காம்பவுண்டு சுவராகிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு வேலை. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வரும் கேன்சரை, பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், பஞ்சில் வினிகரைத் தொட்டு வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். வைத்த இடம் வெள்ளையாக மாறினால் சந்தேகம், உடனே சிகிச்சை.

நர்ஸ் பரிசோதிப்பார். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசிக் கூட்டி வருவது நான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணி மூக்கைச் சுளிப்பார்.

"இன்னா விமலா, ஊறுகா கம்பெனிலயா வேலை பாக்குற?"

அண்ணி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவர். ஓ.டி. முடித்து வந்தாலும் வாய் ஓயாது. ஒருநாள் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் பாக்குறீங்களே, எனக்கும் பாக்கச் சொல்லேன்."

"நம்ம ஊரு கண்ட்ரோல் அண்ணி."

"கண்ட்ரோல்ல கீதுன்னா நல்லதுதான?"

அட கடவுளே... என்னவென்று சொல்வது? சீட்டுக் குலுக்கி ஊர்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்குப் பரிசோதனை. மறு பாதிக்கு வெறும் அறிவுரை, கையில் ஒரு நோட்டீஸ். சில வருஷம் கழித்து எந்தப் பாதியில் சாவு அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த மறு பாதிக்குப் பெயர்தான் கண்ட்ரோல்.

விளக்கிச் சொன்னேன். அண்ணி சிரித்தார்.

"நம்மூட்ல சோறு துன்னுட்டு அடுத்த ஊருக்குப் போய் பாக்குற. நல்லா கீதும்மா உன் நியாயம்!"

மறுநாளே திட்டத்தின் டாக்டர் மேடம் முன்னால் போய் நின்றேன்.

"ஒருத்தருக்குப் பாத்தாலும் ஸ்டடி கெட்டுடும்மா."

"ஆள் கெட்டா பரவால்லியா மேடம்?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. மேடம் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போ என்றார்.

அண்ணி லீவு போட்டார். போனோம். சிஸ்டர் கேட்டார்.

"இன்னா தொந்தரவு?"

"தொந்தரவு ஒண்ணும் இல்ல சிஸ்டர். சும்மா டெஸ்டுக்கு..."

"ஒண்ணும் இல்லாமயா இம்மாநேரம் லைன்ல நின்ன? போம்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க பாரு."

சென்னைக்குப் போய் பிரைவேட்டில் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினேன். ஒன்றுமே இல்லாததுக்கு இன்னொரு லீவா, வேலையை விட்டே தூக்கிடுவான் என்று அண்ணி மறுத்துவிட்டார்.

இரண்டு தீபாவளி போயிற்று...

"தீட்டு நாள் முடிஞ்சும் நிக்க மாட்டேங்குது விமலா. நின்னுக்கினே வேலை செய்யறதாலயா?"

இப்போது தொந்தரவு இருந்தது. இப்போது யாரும் திருப்பி அனுப்பவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் அதே கேன்சர்தான் என்றார்கள்; சேர்த்துக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். வைத்து வைத்து அந்த உடம்பு கறுத்துப்போனது. அத்தனை பேசிய வாய், கடைசியில் தண்ணீர் மட்டும் கேட்டது.

போய்விட்டார். அண்ணி மகள் பாப்பா அப்போது மூணாங்கிளாஸ்.

சில வருஷம் கழித்துத் திட்டத்தின் கடைசிக் கூட்டம். சமோசா கொடுத்தார்கள். பரிசோதனை செய்த ஊர்களில் சாவு குறைந்திருக்கிறதாம், திட்டம் வெற்றியாம். எல்லோரும் கைதட்டினார்கள். குறைவு என்றால் எதைவிடக் குறைவு? எங்கள் ஊரைவிட. செத்துப்போன எங்கள் அண்ணியும் சேர்ந்துதான் அந்தப் பரிசோதனை நல்லது என்று நிரூபித்திருக்கிறார். பாவிகளா... சமோசாவைத் தட்டோடு நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இன்று பாப்பாவும் ஒரகடம் பக்கம்தான் வேலை பார்க்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களே கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதே பஞ்சு, அதே வினிகர். குலுக்கல் கிடையாது, உன் ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் அவளை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். போன வேகத்தில் வெளியே வந்தாள். ஒன்றும் இல்லையாம்.

"இவ்ளோதானா அத்தை?"

"இவ்ளோதான்டி."

பஸ் வரும்வரை அவள் மேல் அந்த வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.