குண்டு இறங்கும் ஆழம்

என் சித்தி வெள்ளவத்தையில் பல் வைத்தியர். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் முன்னறையே அவருடைய கிளினிக். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரப் பிந்தும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் தட்டிலிருக்கும் கருவிகள் கிணுகிணுக்கும். சித்தி கையை எடுத்துவிட்டு ரயில் போய் முடியும்வரை காத்திருப்பார். வாயைத் திறந்தபடி நோயாளியும் காத்திருப்பார்.

பதின்மூன்று வயதில் நான் பள்ளிக்கூடத்துத் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்தேன். பெரிய இலட்சியமெல்லாம் இல்லை. வலைப்பந்தில் என்னை எடுக்கவில்லை. நீச்சல் குளத்துத் தண்ணீர் என் தோலுக்கு ஒத்துவரவில்லை. எயார் ரைபிளுக்கு மட்டும் ஆள் குறைவாக இருந்தது. அம்மா கொஞ்சம் முகம் சுளித்தார். அப்பா, காற்றழுத்தத்தால் சுடுகிற துப்பாக்கிதானே என்று சமாளித்துவிட்டார். சுடும் அறை எப்படியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று நான் சித்தியைக் கூப்பிட்டபோது, "அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை பிள்ளை" என்றார். சித்தி யாழ்ப்பாணத்தில் படித்து வளர்ந்து, சண்டை நடந்த காலத்தில் கொழும்புக்கு வந்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அணியிலிருந்த புதிய துப்பாக்கிகள் மேல் வகுப்பு அக்காமாருக்கு. அவற்றில் குண்டை வைத்து மூடினால், உள்ளே இருக்கும் பொறியே அதைத் தள்ளி உரிய இடத்தில் நிறுத்திவிடும். எனக்குக் கிடைத்தது குழலை மடித்துத் திறக்கும் பழையது. மடித்ததும் தெரிகிற குழலின் வாயில் ஈயக்குண்டை நானே பெருவிரலால் அழுத்தி வைக்க வேண்டும். குண்டு என்றதும் உருண்டையை நினைக்கக்கூடாது. பயறளவுதான் இருக்கும், இடை ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து, உள்ளே குழிந்திருக்கும்.

என்னுடைய குண்டுகள் இலக்கு அட்டை முழுவதும் ஊர் சுற்றின. ஒன்று மேலே போகும், அடுத்தது கீழே போகும், இடையில் ஒன்று வழி தவறியதுபோல் நட்ட நடுவில் விழுந்து எனக்கு ஆசை காட்டும். பயிற்சி தந்த சிங்கள மிஸ் எனக்குப் பின்னால் நின்று, "ஹுஸ்ம, துவ, ஹுஸ்ம" என்பார். மூச்சு, மகளே, மூச்சு. குறையெல்லாம் என் மூச்சில்தான் என்று நானும் நம்பினேன். பஸ்ஸில்கூட மூச்சைப் பிடித்துப் பழகினேன். ஒருநாள் பக்கத்திலிருந்த அன்ரி, இந்தப் பிள்ளைக்கு வாந்தி வரப்போகிறது என்று பயந்து எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

பாடசாலைகளுக்கிடையிலான போட்டி நெருங்கியது. இப்படியே சுட்டால் என் இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று மிஸ் சொன்னார். திட்டிச் சொல்லவில்லை, தோளில் கைவைத்துச் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று பின்னேரம் கிளினிக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். சித்தி ஒருவருடைய பல்லின் வேரைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். ஊசிபோன்ற ஒரு கருவியை எடுத்து, அதில் கோர்த்திருந்த சின்ன றப்பர் வளையத்தைச் சிறிய அடிமட்டம் ஒன்றில் வைத்து நகர்த்தினார். பிறகு அதைப் பல்லுக்குள் இறக்கினார். வளையம் பல்லின் மேல் விளிம்பைத் தொட்டதும் கை நின்றது.

நோயாளி போனபிறகு, "அந்த றப்பர் எதுக்குச் சித்தி?" என்று கேட்டேன்.

"வேர் எவ்வளவு ஆழமெண்டு முதலே அளந்து வைச்சிருக்கிறன். அதுக்கு மேல போகக்கூடாது, அதுக்குக் குறையவும் கூடாது."

"இவ்வளவு காலம் செய்யிறீங்கள், கைக்குத் தெரியாதோ?"

"கைக்கு என்ன தெரியும்? காலமை ஒரு மாதிரி, பின்னேரம் ஒரு மாதிரி. கையை நம்பினா ஆளின்ட தாடை போயிடும்."

நான் என் பெருவிரலைப் பார்த்தேன். சில வேளைகளில் குண்டு குழலின் வாயோடு சமமாக நிற்கும். வேறு வேளைகளில் நகம் பட்டு உள்ளே போய்விடும். ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் அது புறப்படுகிற இடம் வேறு. இதை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தவளுக்கு விரல் எங்கே ஞாபகம் வரப்போகிறது?

சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார். பிறகு லாச்சியைத் திறந்து, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, அதில் ஒரு றப்பர் வளையத்தைக் கோர்த்து, அந்தச் சிறிய அடிமட்டத்தையும் சேர்த்து நீட்டினார்.

"முதல்ல அளந்து பார். உண்மையிலேயே வித்தியாசம் இருக்குதோ எண்டு பார். இல்லாட்டி உன்ட மூச்சிலதான் பிழை."

அடுத்த நாள் மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, குழலை மடித்தபடி வைத்துக்கொண்டு அளந்தேன். குண்டை வழக்கம்போல் அழுத்துவேன். கம்பியை அதன் குழிவின் அடியில் தொடும்வரை இறக்குவேன். றப்பர் வளையத்தைக் குழலின் விளிம்புவரை தள்ளிவிட்டு, கம்பியை வெளியே எடுத்து அடிமட்டத்தில் வைப்பேன். எந்தக் குண்டும் முந்தியதைப்போல் இருக்கவில்லை. சிலவற்றுக்கிடையில் ஒரு மில்லிமீற்றர்வரை வித்தியாசம். எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்த அறை அதற்குமுன் கண்டிருக்காது.

அளவுகளைக் கொண்டுபோய்ச் சொன்னதும் சித்தியும் உற்சாகமாகிவிட்டார். செயற்கைப் பல் கட்டுகிற, இறுகினால் கல்லாகிவிடும் பசையில் அவர் ஒரு கருவி செய்து தந்தார். காளான்போல் அகன்ற தலை, அதன் நடுவில் குட்டையான ஒரு முனை. முனை குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். தலை குழலின் விளிம்பில் முட்டியதும் அதற்குமேல் போகாது. முனை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்தில்தான் எல்லாக் குண்டும் நிற்கும். பசையின் நிறம் ஈறின் நிறம். பார்த்தால் யாருடையவோ வாயிலிருந்து விழுந்ததுபோல் இருந்தது.

முதல் கருவி மானத்தை வாங்கிவிட்டது. முனை கொஞ்சம் தடிப்பு. நான் ஆவேசத்தில் அழுத்த, அது குழலுக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. மிஸ் துப்புரவாக்கும் கோலை மறுபக்கத்தால் விட்டு மெல்லத் தள்ள, குண்டும் ஈறு நிறத் துண்டும் மேசையில் வந்து விழுந்தன. பக்கத்திலிருந்த அக்கா ஒருத்தி, பல் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மிஸ் சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் துப்பாக்கியைத் தொடவேண்டாம் என்றார்.

அழுதுகொண்டு கிளினிக்குக்குப் போனேன். சித்தி முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழுதா முனை மெலியுமோ? குழல் எவ்வளவு அகலமெண்டு நீ எனக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"நானும் கேக்கயில்லை. ரெண்டு பேரிலயும் பிழை. போய் முகத்தைக் கழுவிப்போட்டு வா."

இம்முறை மெல்லிய முனையோடு மூன்று கருவிகள் செய்தார். ஒன்று குண்டைக் குழலின் வாயோடு சமமாக நிறுத்தும். ஒன்று சற்று உள்ளே தள்ளும். மற்றது இன்னும் உள்ளே. எது நல்லதென்று தனக்குத் தெரியாது, அதைத் துப்பாக்கிதான் சொல்லவேண்டும் என்றார். ஒவ்வொன்றாலும் ஒவ்வொரு அட்டை சுட்டேன். சமமாக நின்றவை கொஞ்சம் கிட்டக் கிட்ட விழுந்தன. மிகவும் உள்ளே போனவை எல்லாம் பணிந்து கீழே விழுந்தன. நடுத்தரமாக இறங்கியவை மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய், அட்டையில் பூவரும்புபோல் ஒரே துளையாகிவிட்டன. மிஸ் அந்த அட்டையை யன்னல் பக்கம் கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தார். அதன்பிறகு என் மூச்சைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

போட்டி வேறொரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை நடந்தது. கிளினிக்கில் கூட்டம் நிரம்பி வழிகிற நாள் அது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வரமுடியாத வேலை. வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போது சித்தி வந்து, இன்றைக்குக் கிளினிக் பூட்டு, தான் என்னோடு வருவதாகச் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கருவி செய்தவருக்கு அது வேலை செய்வதைப் பார்க்க ஆசையிருக்காதா?

வாசலில் பொருட்களைச் சோதித்த ஐயா ஈறு நிறக் கருவியைத் தூக்கிப் பிடித்து, "மே மொகக்த?" என்று கேட்டார். இது என்ன? பதில் சொல்ல எனக்குச் சிங்களத்தில் சொல் வரவில்லை. என் வாயைத் திறந்து பல்லைக் காட்டி, பிறகு துப்பாக்கியைக் காட்டினேன். அவர் குழம்பிப்போய் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் விளக்கியதும் கருவியைத் தன் பெருவிரலில் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தார்.

எனக்கு இருபக்கமும் நின்ற பிள்ளைகளிடம் பளபளக்கும் புதுத் துப்பாக்கிகள். நான் குழலை மடிப்பேன், குண்டை வைப்பேன், கருவியால் அழுத்துவேன், தலை விளிம்பில் முட்டுகிற சின்ன 'டிக்' கேட்கும். அந்த 'டிக்' கேட்டதும் மனதில் ஒரு பயமும் இருக்காது. இனி மிச்சம் என்னுடையது என்று தோன்றும். இடையில் ஒரு குண்டு விலகிப் போனது. அது உண்மையிலேயே என் மூச்சுத்தான். மற்றவை போகவேண்டிய இடத்துக்குப் போயின. கடைசி அட்டையை எடுத்துவந்த மண்டபத்து அண்ணன் ஒருவர், என்னையும் என் பழைய துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் வயதுப் பிரிவில் நான் முதலாவது. ஒலிபெருக்கியில் என் பெயரைக் கடித்துக் குதறினார்கள். அது என் பெயர்தான் என்று மிஸ்தான் முதலில் கண்டுபிடித்து என்னைத் தள்ளிவிட்டார். அக்காமார் என்னைத் தூக்கினார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்து, அந்த றோஸ் நிறச் சாமான் எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். வெள்ளவத்தையில், பல் கட்டுகிற இடத்தில் என்றேன். அவள் நம்பவில்லை.

பதக்கத்தோடு சித்தியைத் தேடி ஓடினேன். பின்வரிசையில், சுவரோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்தி, கண்களை மூடியிருந்தார். கைப்பை கீழே விழுந்து கிடந்தது. முழங்கையைத் தொட்டேன்.

"சித்தி, முடிஞ்சுது."

"எல்லாரும் சுட்டு முடிஞ்சுதோ?"

"ஓம். நான்தான் முதலாவது."

அவர் என்னை இழுத்து அணைத்தார். அவருடைய உடுப்பு முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்தானே சித்தி. சின்னப் பிள்ளையள்கூடப் பொத்தயில்லை."

"எங்கட மெசின் சத்தத்தில காது பழுதாப் போச்சு, என்ன செய்யிறது" என்று அவரும் சிரித்தார்.

வீட்டில் வெற்றியைக் கொண்டாடச் சூடான ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். நான் கதிரையில் ஏறிநின்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சோதித்த ஐயா, பெயரைக் குதறியவர், கடைசியில் காதைப் பொத்திக் கண்ணை மூடிய சித்தி. அப்பா ஐயாவுக்குச் சிரித்தார், பெயருக்கும் சிரித்தார். சித்தியை நடித்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அவள் கடைசிமட்டும் உள்ளுக்கதான் இருந்தவளோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா, எழும்பவேயில்லை."

அம்மா என் பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்ச் சித்தியை அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் அழுவதும் சிரிப்பதும் தெரிந்தது. நான் வென்றதற்குத்தான் இவ்வளவும் என்று நினைத்து, கதவைத் தட்டி, பதக்கத்தை இன்னொரு முறை உயர்த்திக் காட்டினேன்.