கழிமுகத்தில் பிடித்த வஞ்சிரம்

எண்ணூர்க் கழிமுகத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே, தூண்டில் போட்டு வஞ்சிரம் பிடித்தவன் என்று பெயர் வாங்கிய ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். கடலிலேயே கிடப்பவர்களுக்குக்கூட அந்தப் பெயர் கிடைத்ததில்லை. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டி அள்ளப் போனவன், மீசை நன்றாக முளைப்பதற்குள் அங்கேயே மேஸ்திரி ஆகிவிட்டேன். எந்த மெஷின் எங்கே தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் உடைந்த சாமானைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடித்தான் வருவார்கள்.

அப்போது ராயபுரத்தில் ஒரு பெண்ணை எனக்குப் பார்த்தார்கள். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தள்ளி நின்று பார்த்தேன். அவளும் பார்த்தாள். கோயில் உபதேசியார்தான் நடுவில் நின்று பேசினார். பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணின் அம்மாவுக்கும் ஏறக்குறைய சம்மதம். அப்பா மட்டும் ஒரு கொக்கி போட்டார்.

அவர் ஹார்பரில் வின்ச்சு ஓட்டுபவர். வாரம் முழுக்கக் கப்பல் சாமானை ஏற்றி இறக்குவார். ஞாயிறு ஆனால் எண்ணூர்க் குப்பத்தில் நிறுத்தி வைத்திருக்கும் சொந்தப் படகில் ஏறித் தூண்டில் போடுவார். தன்னோடு அரை நாள் படகில் உட்காராதவனுக்குப் பெண் தருவதில்லை என்பது அவர் முடிவு. ஒரு மனிதனின் குணம் தண்ணீரில்தான் வெளியே வருமாம். எனக்கு முன்னால் ரயில்வேயில் நல்ல வேலையில் இருந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் படகில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். கரை சேர்ந்ததும் அந்தச் சம்பந்தம் முடிந்துபோனது.

உபதேசியார் இதைச் சொல்லிவிட்டு, "தம்பிக்குத் தூண்டில் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"தூண்டிலா? என்னைப் பார்த்தால் மீனே வந்து முள்ளைக் கவ்வும்" என்றேன். அதுவரை நான் தூண்டிலைத் தொட்டதில்லை. ஆனால் தொட்டு எனக்கு வராத வேலை என்று ஒன்று அதுவரை இருந்ததும் இல்லை.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு நங்கூரம் செய்தேன். பழைய ஷாஃப்டைக் கடைந்து தண்டு, லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து நான்கு கொக்கி, தலையில் வளையம். எமரித் தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பட்டறை ஆட்கள் அதில் முகம் பார்த்துத் தலை வாரினார்கள். புது மணிலாக் கயிறு வாங்கி, வளையத்தில் போல்ட்டு, நட்டு, அதன் மேல் இன்னொரு நட்டு, அதற்கும் மேல் ஒரு பின் போட்டு மாட்டினேன். யானை இழுத்தாலும் வராது. இப்போதும் சொல்கிறேன், அந்தப் பக்கம் வரவே இல்லை.

முதல் பூசை முடிந்து எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தோம். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி பாதி எழும்பி நின்ற காலம். நான் வெள்ளை டெர்லின் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட்டு. அவர் அரை டிராயர், தலையில் துண்டு. படகின் மூக்கில் அவருடைய பழைய நங்கூரம் கிடந்தது. நங்கூரம் என்றால் ஓட்டை போட்ட ஒரு கருங்கல்.

"இன்னா மாமா, கல்லைக் கட்டிக்கினு சுத்துறீங்க" என்று அதைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு என்னுடையதை எடுத்து வைத்தேன். வெயில் பட்டு அவர் கண் கூசியது.

"மாமாவெல்லாம் அப்பால பாத்துக்கலாம். மொதல்ல ஒயுங்கா படகுல ஏறு" என்றார்.

ஏறினேன். அதாவது ஒரு கால் ஏறியது. இன்னொரு கால் கரையில் இருந்தபோது படகு விலக ஆரம்பித்தது. அவர் என் இடுப்பு வாரைப் பிடித்து மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டார். பேன்ட்டு நடுவில் கிழிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

துடுப்புப் போட்டுக்கொண்டே அவர் தன் சட்டத்தைச் சொன்னார். "படகுல குந்திக்கினு இன்னா மீனு புடிக்கப் போறோம்னு பேரு சொல்லக்கூடாது. சொன்னா வராது. எங்க நைனா காலத்துலேந்து அதான்."

"சரி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க கொடுவா நல்லா கிடைக்குமாமே?" என்று கேட்டுவிட்டேன். அவர் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ரயில் பாலத்தருகே ஓர் இடத்தில் துடுப்பை உள்ளே வைத்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஆரியா" என்றார். ஹார்பரில் சாமானை இறக்கச் சொல்லும் சத்தம் அது. எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். நங்கூரத்தைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வீசினேன். அப்படி ஒரு வீச்சை அந்தக் கழிமுகம் பார்த்திருக்காது. தொபுக்கென்று விழுந்து மூழ்கியது. கயிறு சுருள் சுருளாக அதன் பின்னால் ஓடியது. இரண்டு பேரும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கயிற்றின் மறுநுனி படகின் விளிம்பில் ஏறி, பாம்பு வால் மாதிரி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

அவர் வாயிலிருந்த பீடி அப்படியே நின்றது.

"நீ கட்டலியா?"

"நீங்க கட்டலியா?"

இதில் யார்மேல் தப்பு என்று ஊரில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் செய்கிறவன் தன் பக்கத்து இணைப்பைப் போட்டுக் கொடுப்பான். மறுபக்கத்தை மெஷினில் மாட்டிக்கொள்வது மெஷின்காரன் வேலை. படகு அவருடையது, ஆகவே அந்த நுனி அவருடையது. ஹார்பரிலும் ஒரு வழக்கம் உண்டு. வின்ச்சு ஓட்டுகிறவர் கயிற்றைத் தொடவே மாட்டார். கட்டுவது கீழே நிற்கும் கலாசிகள் வேலை. எல்லாம் கட்டியாயிற்று என்ற நம்பிக்கையில்தான் அவர் ஆரியா சொல்வார். இரண்டு பேரும் அவரவர் தொழிலைச் சுத்தமாகச் செய்திருந்தோம். நுனியை மட்டும் யாரும் கட்டவில்லை.

தண்ணீர் கடல் பக்கமாக இழுக்கிற வத்த நேரம். படகு தன்பாட்டுக்குக் கிளம்பியது. அவர் துடுப்பைப் பிடித்தார். நானும் உதவி செய்தேன். அந்த உதவியில் படகு வட்டம் அடித்துச் சுற்றி, முகத்துவாரத்துக்கு முன்னால் இருந்த மணல் திட்டில் போய் ஏறிக்கொண்டது. தண்ணீர் இன்னும் வடிய, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாங்களும் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

முழங்கால் தண்ணீரில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் விடுவார்களா?

"இன்னா மாமு, படகுக்கு ஜொரமா? படுத்துக்கினு கீது" என்றாள் ஒருத்தி.

"தோ, டெர்லின் சட்ட போட்டுக்கினு டாக்டரு வந்துகீறாரு பாரு" என்றாள் இன்னொருத்தி.

"டாக்டருக்கே பின்னால கிய்ஞ்சி கீதுடி."

அவர் தலைத் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். இப்படியே கரைக்குப் போனால் ரயில்வேக்காரனுக்கு அடுத்த பெயர் என்னுடையதுதான். எழுந்துபோகவும் முடியாது, கடிகாரத்தைப் பார்க்கவும் முடியாது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். அந்த நங்கூரத்தை எப்படிக் கடைந்தேன், எந்த ஷாஃப்டு, எந்தப் பட்டை, எவ்வளவு மெருகு என்று விடாமல் சொன்னேன். தண்ணீர் திரும்பி ஏறும்வரை சொன்னேன்.

"அத்தினி நல்ல சாமானா?" என்று கடைசியில் கேட்டார்.

"மெய்யாலுமே."

"அப்ப வுடக்கூடாது. வா, போட்ட எடத்துக்கே போவோம்."

படகு மிதந்ததும் பாலத்தடிக்குத் திரும்பி, மூங்கில் கழியால் அடியைத் துழாவினோம். சேறுதான் வந்தது. சலித்துப்போய் அவர் தங்கூஸ் நரம்புத் தூண்டிலில் இறாலைக் கோத்துப் போட்டார். நானும் போட்டேன். என் முள் நேராகப் போய் என் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டது. அதை நான் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் நரம்பு விண்ணென்று இழுத்தது.

"வந்துச்சி" என்றார். குரலே மாறிவிட்டது. "அப்பா, இன்னா வெயிட்டு. தம்பி, என் இடுப்பப் புடி."

பிடித்தேன். படகு ஓட்டத்தில் போகப்போக நரம்பும் விட்டு விட்டு இழுத்தது. அவர் கொஞ்சம் விடுவார், கொஞ்சம் சுருட்டுவார்.

"பாத்துக்கோ, இப்ப அடில போய்ப் பம்மும். வுட்டுப் புடிக்கணும். கத்துக்கோ. இது கெயட்டு மீனு, நம்ம வயசுக்கு வாழ்ந்த மீனு. கொடுவா. கண்டிப்பா கொடுவா. ஆளு ஒசரம் கீது."

பெயரைச் சொல்லிவிட்டார். நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியங்களில் அதுவும் ஒன்று.

வியர்வை ஊற்ற ஊற்ற இழுத்தார். தண்ணீர் கலங்கியது. மேலே வந்தது மணிலாக் கயிறு. பாசி சுற்றி, நடுவில் ஒரு குட்டி நண்டு உட்கார்ந்திருந்தது.

நண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆளு ஒசரம் கீது இல்ல?" என்றேன். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகு படகே குலுங்கியது. பாலத்தின்மேல் போன கூட்ஸ் வண்டியின் கார்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். கயிற்றைப் பிடித்து இழுத்தால், என் நங்கூரம் சேற்றை உதறிக்கொண்டு பளபளவென்று வந்தது. உடனே அவர் நுனியைப் படகில் கட்டினார். அவர் கட்டி முடித்த பிறகு நானும் ஒருமுறை கட்டினேன்.

ஆனால் மீன்? இரண்டு குட்டிக் கெளுத்திதான். வீட்டிலோ புளி கரைத்து, மசாலா அரைத்து, பெண்ணின் பெரியம்மாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள்.

"வெறுங்கையோட போனா பேஜாரு. காசிமேட்டுல ஒண்ணு வாங்கிடு" என்றார். "நான் வந்தா எல்லாருக்கும் என்னத் தெரியும். நியூஸ் நமக்கு முன்னால வூட்டுக்குப் பூடும். நீ மட்டும் போ."

அவர் டீக்கடை மறைவில் சைக்கிளோடு நின்றார். நான் போய், இருந்ததிலேயே நீளமானதாக, மெருகு போட்ட இரும்பு மாதிரி மின்னியதாக ஒரு மீனைப் பொறுக்கினேன். ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். அவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

பெண்ணின் அம்மா மீன் விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். வாசலிலேயே சாக்கைப் பிரித்தார். மீனின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எங்க புடிச்சீங்க?"

"பாலத்துக்குக் கீய" என்றார் அவர், மீனைப் பார்க்காமல்.

"தூண்டில்லயா?"

"இல்லாட்டி? அரை மணி நேரம் சண்ட போட்டுச்சி."

"வஞ்சிரம்" என்றார் அம்மா, பெரியம்மாவைப் பார்த்து. "நடுக்கடல்ல திரியற வஞ்சிரம், எண்ணூரு ரயில் பாலத்துக்கு வந்து இவங்களுக்காக வாயத் தொறந்துகீது. வர்ற வழில குளிருமேன்னு வயித்துல ஐசு வேற வெச்சிக்கினு வந்துகீது."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்ணின் அப்பா இப்போதுதான் மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

"சரி, படகுல இன்னா நடந்துச்சி?" என்றார் அம்மா. "நண்டு விக்கறவ மத்தியானமே வந்து சொல்லிட்டா, படகு திட்டுல படுத்துக்கினு கெடந்துச்சின்னு. நங்கூரத்தக் கட்டாம போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தான். அவன் மேல ஒண்ணுமில்ல. என் படகு, நான் கட்டிருக்கணும்."

"இல்ல, நான்தான்" என்றேன். "மீனும் நான் எடுத்ததுதான்."

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசறப்ப."

அப்போது பெண் ஒரு சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். "ரெண்டு பேருமே கட்டல. அவ்ளோதான்" என்று சொல்லி, சொம்பை என் கையில் கொடுத்தாள். திரும்பிப் போகும்போது, "சட்ட முதுகுல தூண்டில் முள்ளு மாட்டிக்கினு கீது" என்றாள்.

அம்மா புருஷனைப் பார்த்தார். "பையன் எப்பிடின்னு படகு சொல்லும்னியே. சொல்லிடுச்சா?"

"எங்கூட ஒண்ணா திட்டுல ஏறினான். எறங்கி ஓடல. கடியாரம் பாக்கல" என்றார் அவர். பிறகு, "நங்கூரம் மெய்யாலுமே நல்ல சாமான்" என்றார்.

"ஏன் மாமா, அப்ப அந்தப் பழைய கல்லு நங்கூரம்?" என்றேன்.

மாமா என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கல்லும் படகுல கெடக்கட்டும் மருமவனே. எடத்த அடைக்கவா போவுது" என்றார். அம்மா வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரிவாள்மனையில் உட்கார்ந்தார்.

பிறகு எண்ணூர்க் குப்பத்தில் பாதிப் படகுகளுக்கு நங்கூரம் என் கையால்தான் போனது. நானே பட்டறை வைத்தபோது முதல் வேலையும் அதுதான். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது படகுவரை கூடவே போய் மறுநுனியை என் கையாலேயே கட்டிவிட்டு வருவேன். இத்தனை பொறுப்பான மேஸ்திரி எங்கும் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

கல்யாண விருந்தில் மாமியார் வஞ்சிரம்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பரிமாறிக்கொண்டே பந்தி பந்தியாகச் சொன்னார்: "எங்க மாப்ள கழிமுகத்துல தூண்டில் போட்டு இத மாதிரி ஒண்ணு புடிச்சாரு."

நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.